முழங்கால் உயரத்தில் ஓர் அறுப்பு பெஞ்சு: வீட்டில் தச்சு வேலை தொடங்குவோருக்கு

வீட்டில் தச்சு வேலை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் ரம்பம் வாங்குகிறார்கள், அடுத்து உளி, அடுத்து இழைப்புளி. மரத்தை எதன்மேல் வைத்து அறுப்பது என்ற கேள்வி, முதல் பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எழுகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, அவற்றின்மேல் பலகையை வைத்து அறுத்தேன். நாற்காலிகள் நெளிந்தன, பலகை துள்ளியது, ரம்பம் கோட்டை விட்டு விலகி ஓடியது. ரம்பத்தில்தான் கோளாறு என்று நம்பி இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே போலத்தான் ஓடியது.

அதன் பிறகு மூன்று அறுப்பு பெஞ்சுகள் செய்தேன். முதலாவது உயரம் தவறியது. இரண்டாவது ஈர மரத்தில் செய்ததால் முறுக்கிக்கொண்டது. மூன்றாவது நான்கு வருடங்களாக என்னிடம் உழைக்கிறது. முதல் இரண்டில் போன பணமும் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளும் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஆசாரிமார்கள் தரையில் உட்கார்ந்து, பாதத்தால் மரத்தை அழுத்திப் பிடித்து அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கேற்ற இடுப்பும் கால்விரல்களும் சிறு வயதிலிருந்தே பழகி வந்தவை. நாற்பது வயதில் தொடங்குகிறவர் அப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் எழுந்திருப்பதே சிரமம். நமக்கு நின்று, முழங்காலால் மரத்தை அழுத்தி அறுக்கும் முறைதான் ஒத்துவரும். அந்த முழங்காலுக்கு ஏற்ற குட்டையான, அசையாத, மூன்றடி நீளப் பெஞ்சைத்தான் அறுப்பு பெஞ்சு என்கிறேன். குதிரை என்பது அதைவிட உயரமானது. இரண்டு குதிரைகளை நிறுத்தி மேலே ஒரு பழைய கதவைப் போட்டால், பொருத்தவும் பூச்சு பூசவும் மேசை கிடைத்துவிடும். பெஞ்சை முதலில் செய்யுங்கள். குதிரைகளின் மரத்தை அந்தப் பெஞ்சின் மேலேயே அறுத்துக்கொள்ளலாம்.

1. உயரத்தை உங்கள் காலிலிருந்து எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெஞ்சின் உயரம் பெரும்பாலும் 20 அங்குலம் என்று இருக்கும். என் முதல் பெஞ்சை அந்த அளவில்தான் செய்தேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். பெஞ்சின்மேல் இடது முழங்காலை ஊன்றினால் வலது குதிகால் தரையை விட்டு எழும்பியது. உடல் எடை மரத்தின்மேல் இறங்கவில்லை, தோள்பட்டையால் ரம்பத்தைத் தள்ள வேண்டியிருந்தது. இரண்டு மாதம் முதுகுவலியோடு அறுத்த பிறகுதான் காரணம் புரிந்தது.

வேலை செய்யும்போது அணியும் செருப்பைப் போட்டுக்கொண்டு சுவரோரம் நேராக நில்லுங்கள். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரு அட்டையை வைத்து, தரையிலிருந்து அதுவரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் பெஞ்சின் மேற்பரப்பு வர வேண்டிய உயரம். எனக்கு அது பதினேழரை அங்குலம். ஆறடி உயரமுள்ள என் மைத்துனருக்கு இருபது. குனிந்து நீங்களே அளக்காதீர்கள், குனியும்போது முழங்கால் மடங்கி அளவு குறைந்துவிடும். உறுதி செய்துகொள்ள, செங்கல்களையும் புத்தகங்களையும் அந்த உயரத்துக்கு அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து முழங்காலை ஊன்றிப் பாருங்கள். மற்றக் காலின் பாதம் முழுவதும் தரையில் படிந்திருக்க வேண்டும்.

இனி வரும் கணக்குகளில் என் அளவான பதினேழரையை வைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் உங்கள் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. ரம்பத்தின் நீளமும் கணக்கில் வர வேண்டும்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ரம்பத்தின் நுனி சிமெண்டுத் தரையில் இடித்துப் பற்கள் மழுங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மரத்தை நீளவாக்கில் அறுக்கும்போது ரம்பம் ஏறக்குறைய 60 டிகிரி சாய்வில் இறங்கும், குறுக்காக அறுக்கும்போது 45 டிகிரி. 26 அங்குல ரம்பத்தில் கைப்பிடிப் பக்கம் நான்கு அங்குலம் போக 22 அங்குலம் மரத்துக்குக் கீழே போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரி சாய்வில் அது செங்குத்தாக 19 அங்குலம் இறங்கும். பதினேழரை அங்குலப் பெஞ்சில் அது தரையில் இடிக்காமல் இருக்க வழியே இல்லை. 22 அங்குல ரம்பம் என்றால் பதினைந்தரை அங்குலம்தான் இறங்கும், இரண்டு அங்குலம் மிச்சம்.

ஆகவே குட்டையானவர்கள் 20 அல்லது 22 அங்குல ரம்பம் வாங்குங்கள். பெரிய ரம்பம் வேகமாக அறுக்கும் என்று கடையில் சொல்வார்கள். அது உயரமான ஆளுக்கும் உயரமான பெஞ்சுக்கும் பொருந்தும் பேச்சு.

3. முழு அளவில் படம் வரையுங்கள்

மாதக் காலண்டர் தாள்கள் இரண்டைப் பின்பக்கம் திருப்பி ஒட்டினால் போதும். பெஞ்சை அதன் முனையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அதை அப்படியே நிஜ அளவில் வரையுங்கள். மேற்பலகை 7 அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன். கீழே தரைக்கோடு. நடுவில் இரண்டு கால்கள்.

இரண்டு பக்கக் கால்களும் ஒரே மாதிரி சாய்ந்திருக்கக் கூடாது. வலது கையால் அறுப்பவருக்கு வலப்பக்கக் கால்கள் செங்குத்தாக, மேற்பலகையின் விளிம்போடு ஒட்டி ஒரே மட்டத்தில் இறங்க வேண்டும். இடப்பக்கக் கால்கள் மட்டும் வெளியே சாய வேண்டும். இடது கையால் அறுப்பவர்கள் இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பலகையைக் குறுக்காக அறுக்கும்போது அதைப் பெஞ்சின் குறுக்கே வைத்து, வெட்டுக்கோடு வலது விளிம்புக்குச் சற்று வெளியே வருமாறு நீட்டி, இடது முழங்காலால் அழுத்துகிறோம். ரம்பம் பெஞ்சின் விளிம்பை ஒட்டியே மேலும் கீழும் போய் வரும். அந்தப் பக்கக் கால் 6 அங்குல உயரத்துக்கு 1 அங்குலம் வீதம் வெளியே சாய்ந்திருந்தால், 18 அங்குலம் இறங்குவதற்குள் 3 அங்குலம் வெளியே வந்துவிடும். ரம்பத்தின் நுனி நேராக அதில் போய்க் குத்தும். என் முதல் பெஞ்சின் முன்வலது காலில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு இருக்கிறது. ஒரே நாளில் விழுந்ததல்ல, ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமானது.

இடப்பக்கச் சாய்வுக்கு 6க்கு 1 போதும். படத்தில் தரைக்கோட்டிலிருந்து 18 அங்குலம் மேலே ஒரு புள்ளி, தரையில் 3 அங்குலம் வெளியே தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் சாய்வு கிடைக்கும். அந்தச் சாய்வுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கோணம் அளக்கும் கருவி எதுவும் வேண்டாம். நீளவாக்கிலும் கால்களைச் சாய்த்தால் பார்க்க அழகாக இருக்கும்தான். ஆனால் இரட்டைச் சாய்வை வெட்டுவது புதியவருக்குப் பெரும்பாடு. முதல் பெஞ்சில் வேண்டாம்.

4. வெட்டுப் பட்டியல், கன அடிக் கணக்கு

மரவாடிக்குப் போகுமுன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மேற்பலகை: 7 அங்குலம் × ஒன்றரை அங்குலம் × 3 அடி, ஒன்று.
கால்கள்: 3 × ஒன்றரை × 20 அங்குலம், நான்கு.
குறுக்குச் சட்டம்: 3 × 1 × 14 அங்குலம், இரண்டு.
நெடுஞ்சட்டம்: 3 × 1 × 24 அங்குலம், ஒன்று.

மரவாடியில் கணக்குப் போடும் முறை எளிது. அகலத்தையும் தடிமனையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் கன அடி. மேற்பலகைக்கு 7 × 1.5 × 3 = 31.5, அதை 144 ஆல் வகுத்தால் 0.22. நான்கு கால்களுக்கும் சேர்த்து 0.21. சட்டங்கள் மூன்றுக்கும் 0.09. மொத்தம் அரைக் கன அடிக்குச் சற்று மேல். ரம்பப் பல் தின்னும் அகலம், இழைப்பில் போவது, கணு விழுந்த இடத்தைத் தள்ளுவது எல்லாவற்றுக்கும் முப்பது சதவீதம் கூட்டினால் 0.7 கன அடி.

இழைத்த பிறகு ஒன்றரை அங்குலம் ஒன்றேகால் அல்லது ஒன்றேகாலே அரைக்கால் என்று ஏதோவொரு அளவுக்கு இறங்கும். அறுத்த அளவுக்குத்தான் விலை, கையில் நிற்கும் அளவுக்கு அல்ல. இதில் யாரும் ஏமாற்றவில்லை, தொழில் வழக்கம் அது. ஆனால் படத்தில் இழைத்த பிறகு உள்ள தடிமனைத் திருத்தி எழுதாமல் பொருத்துகளை வெட்டத் தொடங்காதீர்கள்.

5. மரவாடியில் எதைப் பார்ப்பது

இந்தப் பெஞ்சுக்குத் தேக்கு வேண்டவே வேண்டாம். நான் வேம்பில் செய்தேன். கனமானது, பூச்சி எளிதில் அண்டாது. நார் இப்படியும் அப்படியுமாக ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும், அதனால் இழைப்பை மெஷினில் கொடுத்துவிடுங்கள். சில்வர் ஓக் இலகுவானது, இழைக்கச் சுகமானது, கால்களுக்குச் சரி. ரப்பர் மரம் என்றால் மருந்தில் பதப்படுத்தியதா என்று கேளுங்கள், பதப்படுத்தாதது சீக்கிரம் உளுத்துவிடும். மாமரம் மலிவு, ஆனால் மழைச்சாரல் படும் இடத்தில் வைக்கப்போவதாக இருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

இறக்குமதிப் பெட்டிகளைப் பிரித்து விற்கும் பைன் மரமும் நல்ல தேர்வுதான். அதில் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயுவில் பதப்படுத்தியது, அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முத்திரை இல்லாத, எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள கட்டைகளையும் விட்டுவிடுங்கள். ஒளிந்திருக்கும் ஆணிகளைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒரே ஒரு ஆணி ரம்பத்தின் பற்களைத் தீர்த்துவிடும்.

பலகையின் ஒரு முனையைக் கண்ணருகே தூக்கிப்பிடித்து நீளவாக்கில் பாருங்கள். வில் போல வளைந்திருந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். முறுக்கியிருந்தால் தொடாதீர்கள். முறுக்கைக் கண்டுபிடிக்க, நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து ஒன்றன் விளிம்பின் மேலாக இன்னொன்றைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். வெட்டுமுகத்தில் மரத்தின் நடுக்குருத்து தெரிந்தால் அந்தத் துண்டு கட்டாயம் வெடிக்கும். மேற்பலகைக்கு அது உதவாது. வெளிறிய ஓரப்பகுதி நிறைய இருந்தாலும் வேறு துண்டு கேளுங்கள், பூச்சி முதலில் பிடிப்பது அங்கேதான்.

காகித விஷயங்களுக்கு வருகிறேன். பணம் கொடுக்குமுன் அளவுச் சீட்டைக் கையில் வாங்குங்கள். அதில் எத்தனை துண்டு, ஒவ்வொன்றின் அகலம், தடிமன், நீளம், மொத்தக் கன அடி எல்லாம் இருக்கும். உங்கள் டேப்பால் இரண்டு துண்டுகளையாவது அங்கேயே அளந்து சரிபாருங்கள். சொன்ன விலை ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் விட்டு, பில் போடும் நேரத்தில் தொகை ஏறி, வாங்கிய மரத்தில் பாதியைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். ரசீதை வாங்கி, வண்டியில் மரம் வரும்போது கூடவே வைத்திருங்கள். சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டிக் கொண்டுவருவதாக இருந்தால் கதை வேறு. தமிழ்நாட்டில் மரங்களை எடுத்துச் செல்வதற்கு 1968ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. உங்கள் மர வகைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் கேட்ட பிறகே கோடாரியை எடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தாரிடம் வேலை செய்யும் இடத்துக்கும் நேரத்துக்கும் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு ஆன செலவு இது. வேம்பு கன அடி 900 ரூபாய் வீதம் 0.7 கன அடிக்கு 630. இழைப்புக் கூலி 150. பசை அரைக் கிலோ 200. திருகாணி ஒரு பெட்டி 250. ஆட்டோ 200. ஆக 1,430 ரூபாய். ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மரத்தின் விலை மாறும், இரண்டு இடங்களிலாவது விசாரியுங்கள். எல்லாத் துண்டுகளும் மூன்றடிக்குள் இருப்பதால் மரவாடியிலேயே வெட்டி வாங்கினால் ஸ்கூட்டரில் கொண்டுவந்துவிடலாம். ஆட்டோ கூலி மிச்சம்.

6. காயவிடுங்கள், அவசரப்படாதீர்கள்

“நன்றாகக் காய்ந்த மரம்தான்” என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். என் இரண்டாவது பெஞ்சு அந்த வார்த்தையை நம்பிச் செய்தது. மழைக்காலத்தில் வாங்கி, மூன்றாம் நாளே பசை வைத்தேன். தை மாதம் வருவதற்குள் மேற்பலகை முறுக்கி, நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் நின்றது. கால்களைச் செதுக்கிச் சரிசெய்தேன். பங்குனியில் மறுபடி ஆடியது.

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். ஒரு சிறு துண்டை எடைபோட்டு, எடையையும் தேதியையும் அந்தத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மறுபடி எடைபோடுங்கள். தொடர்ந்து இரண்டு முறை எடை மாறாமல் இருந்தால் உங்கள் வீட்டுக் காற்றுக்கு மரம் பழகிவிட்டது என்று பொருள். துண்டு சிறியது, சீக்கிரம் காயும். பெரிய பலகைகளுக்கு அதன் பிறகும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வெயில் காலத்தில் இரண்டு வாரமும் ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து வாரமும் ஆனது.

பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடுக்காமல் இடையிடையே ஒரே தடிமனான குச்சிகளை வைத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்குங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் முனைகள் வெடித்துவிடும். வெட்டுமுகங்களில் கொஞ்சம் பெயின்ட் பூசிவிட்டால் அந்த வெடிப்பு குறையும். கரையான் வரும் வீடு என்றால் தரையில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள்.

7. கால்களின் பொருத்து

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகச் செய்யுங்கள்.

நான்கு கால்களையும் 20 அங்குல நீளத்திலேயே விட்டுவிடுங்கள், கடைசியில் குறைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலின் மேல்முனையிலும், மேற்பலகையின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு, காலின் பாதித் தடிமனை வெட்டி எடுங்கள். அப்போது மேலே மெல்லிய நாக்கும், அதன் அடியில் ஒரு தோளும் கிடைக்கும். மேற்பலகையின் விளிம்பில் அந்த நாக்கு உட்காரும் அளவுக்குப் பள்ளம் வெட்டுங்கள். பலகை முனையிலிருந்து 4 அங்குலம் தள்ளித் தொடங்கி 3 அங்குல அகலம். நாக்கு பள்ளத்தில் புகுந்ததும் தோள் பலகையின் அடியில் முட்டி நிற்க வேண்டும். உங்கள் எடை முழுவதும் அந்தத் தோளில்தான் இறங்குகிறது. தோள் இல்லாமல் காலைப் பக்கவாட்டில் திருகாணியால் மட்டும் பிடித்தால், முழு எடையும் திருகாணிகளில் விழுந்து ஆறு மாதத்தில் ஓட்டைகள் அகன்றுவிடும்.

பள்ளத்தின் அகலத்தை டேப்பால் அளந்து குறிக்காதீர்கள். காலையே பலகையின் விளிம்பில் நிறுத்தி, அதன் இரு ஓரங்களையும் கத்திமுனையால் கீறுங்கள். எந்தப் பள்ளத்துக்கு எந்தக் கால் என்று இரண்டிலும் எண் எழுதிவிடுங்கள். கத்திக் கோட்டுக்கு உட்பக்கமாக, கோடு அப்படியே நிற்கும்படி அறுத்து, நடுவில் உள்ள மரத்தை உளியால் எடுங்கள். மேலிருந்து பாதி, கீழிருந்து பாதி என்று எடுத்தால் அடியில் சிராய் கிளம்பாது. ஒரே பக்கமாக உளியை ஓட்டினால் மறுபக்கம் ஒரு பெரிய சில்லு பிய்ந்து வரும்.

வலப்பக்கக் கால்களுக்கு எல்லாம் நேர்க்கோணம், மூலைமட்டத்தை வைத்துச் சரிபாருங்கள். இடப்பக்கக் கால்களுக்குத் தோளும் பள்ளத்தின் அடிப்பரப்பும் அட்டையில் எடுத்த சாய்வில் வர வேண்டும். தோளை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று குழம்பும். படத்தின் மேலேயே காலை வைத்து, கோட்டோடு பொருத்திப் பார்த்துவிட்டுப் பென்சிலால் குறியுங்கள். நான் ஒரு காலை மாற்றிச் சாய்த்து வெட்டி வீணாக்கியிருக்கிறேன். அதனால் பட்டியலில் உள்ள நான்கோடு காலுக்கு ஒரு துண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பொருத்து கையால் தள்ளினால் பாதி வரை போய், கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) இரண்டு மூன்று தட்டில் உட்கார வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்துத்தான் புகும் என்றால் பலகை பிளந்துவிடும். தொளதொளவென்று இருந்தால் மெல்லிய சீவல் ஒன்றைப் பசையோடு வைத்து நிரப்புங்கள்.

8. பசையும் திருகாணியும்

முதலில் பசை இல்லாமல் முழுவதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாம் உட்கார்ந்த பிறகு பிரித்து, பசை தடவி, நாக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு திருகாணி போடுங்கள். 8ஆம் எண், 50 மில்லிமீட்டர் நீளம் போதும். வேம்பில் முன்துளை இல்லாமல் திருகினால் தலை முறியும் அல்லது மரம் பிளக்கும். 3 மில்லிமீட்டர் துளை போட்டு, திருகாணியின் மரையில் சோப்பைத் தேய்த்துவிட்டுத் திருகுங்கள். தலைகள் மரத்துக்குள் நன்றாக அமிழ வேண்டும், வலது விளிம்பில் ஒரு தலை துருத்தினாலும் ரம்பம் அதில் உரசும்.

தரையிலிருந்து 5 அங்குலம் மேலே, இடது வலது கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களைப் பொருத்துங்கள். கால்களின் உட்பக்கம், அதாவது பெஞ்சின் நடுவைப் பார்க்கும் பக்கத்தில் வைக்க வேண்டும். அவற்றின் நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டாமல், நிற்கும் கால்களின் மேல் வைத்துக் குறித்து வெட்டுங்கள். வலது முனை காலின் வெளிமுகத்தைத் தாண்டி ஒரு நூலளவும் நீளக் கூடாது. இரண்டு குறுக்குச் சட்டங்களையும் நடுவில் நெடுஞ்சட்டத்தால் இணைத்துவிட்டால் பெஞ்சு முன்பின்னாக ஆடுவது நின்றுவிடும்.

24 மணி நேரம் தொடாதீர்கள். அடைமழை நாட்களில் இரண்டு நாள் விடுங்கள். கத்திரி வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லை. நான்கு பொருத்துகளுக்கும் தடவி முடிப்பதற்குள் முதலாவது காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குள் பசை வேலையை முடித்துவிடுவது நல்லது.

9. நான்கு கால்களையும் சமமாக்குதல்

பெஞ்சு ஆடுகிறதே என்று ஒரு காலைக் கொஞ்சம் அறுத்து, பிறகு இன்னொன்றைக் கொஞ்சம் அறுத்து என்று தொடங்கினால் அது முடியாது. ஒரே தடவையில் செய்து முடிக்கும் முறை இது.

முதலில் சமதளம் வேண்டும். வீட்டுத் தரையை நம்பாதீர்கள், தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியிருப்பார்கள். நேரான ஒரு பிளைவுட் பலகையையோ கதவையோ தரையில் போட்டு, அடியில் அட்டை வைத்து ரசமட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பெஞ்சை நிறுத்துங்கள். சாய்ந்த கால்கள் கால் அங்குலம் குட்டையாக நிற்கும். அது பிழை அல்ல, சாய்ந்ததால் குறைந்த உயரம். அவற்றின் அடியில் ஆப்பு வைத்து, மேற்பலகை நீளவாக்கிலும் குறுக்கிலும் மட்டமாகும் வரை சரிசெய்யுங்கள்.

இப்போது மேற்பரப்பு தரையிலிருந்து 20 அங்குலத்தில் நிற்கும். வேண்டியது பதினேழரை. வித்தியாசம் இரண்டரை அங்குலம். சரியாக இரண்டரை அங்குல உயரமுள்ள ஒரு கட்டையை எடுத்து, அதன்மேல் பென்சிலைப் படுக்கவைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலின் நான்கு முகங்களிலும் சுற்றிக் கோடு இழுங்கள். சாய்ந்த கால்களிலும் அறுக்க வேண்டிய சரிவு தானாகவே கிடைத்துவிடும். பெஞ்சைக் கவிழ்த்து, நான்கு முகக் கோடுகளையும் பார்த்தபடி அறுங்கள். அடிவிளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து முனை மழுக்குங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது சிராய் பெயரும். அடி வெட்டுமுகத்தில் இரண்டு தடவை எண்ணெய் பெயின்ட் பூசுங்கள், தரை ஈரம் ஏறாது. மேற்பரப்புக்கு வார்னிஷ் பூசாதீர்கள், பலகை வழுக்கும்.

முழுநேர வேலைக்குப் போகிறவருக்குக் காயவிடும் காலம் போக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். வெட்டுக்கும் பொருத்துக்கும் ஒன்றரை நாள், பசைக்கு ஒரு காலை, சமமாக்க ஒரு மாலை.

10. குதிரைகள்

இவை எளிது. 4 × 2 அங்குலச் சட்டம் இரண்டரை அடி நீளம், 3 × 1 அங்குலக் கால்கள் நான்கு, ஒவ்வொன்றும் 30 அங்குலம். இங்கே இரண்டு பக்கமும் 6க்கு 1 என்று சாயலாம், ஏனென்றால் இதன் விளிம்பை ஒட்டி யாரும் அறுக்கப்போவதில்லை. கால்களைச் சட்டத்தில் அரை அங்குல ஆழத்துக்குப் பதித்து, இரு முனைகளிலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டைக் கால்களுக்குக் குறுக்கே பசையும் திருகாணியுமாக அடியுங்கள். பிளைவுட் துண்டுகள் இரண்டையும் 3 × 1 அங்குலத்தில் இரண்டடி நீளமுள்ள ஒரு சட்டத்தால் இணையுங்கள். இரண்டு குதிரைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒரு கன அடி மரம். பிளைவுட்டுக்குப் புதுப் பலகை வாங்க வேண்டியதில்லை, அலமாரி செய்யும் இடங்களில் மிச்சத் துண்டுகள் 150 ரூபாய்க்குள் கிடைக்கும்.

உயரத்துக்கு, நின்றபடி கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு எந்த உயரத்தில் வருகிறதோ அதிலிருந்து மேலே போடப்போகும் கதவின் தடிமனைக் கழியுங்கள். எனக்கு 28 அங்குலம் வந்தது. இரண்டு குதிரைகளையும் சமதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே கட்டையால் எட்டுக் கால்களுக்கும் கோடு இழுங்கள். தனித்தனியாகச் செய்தால் மேலே போடும் கதவு சரிந்தே இருக்கும். சட்டத்தின் மேல்முகத்தில் ஒரு மலிவான ரீப்பரை (மெல்லிய மரப்பட்டியை) இரண்டு திருகாணிகளால் மட்டும், பசை இல்லாமல் பிடித்து வையுங்கள். ரம்பமோ டிரில்லோ தவறிப்போய் இறங்கினால் அந்த ரீப்பர் அடிபடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதன் திருகாணிகளை இரு ஓரங்களிலும் போடுங்கள். நடுவில் போட்டால் ரம்பம் போய் மோதும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் பெஞ்சை ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு அதே உயரத்தில் இன்னொன்று செய்துகொள்ளுங்கள். ஆறடி, எட்டடிப் பலகைகளை இரண்டு பெஞ்சுகளின் மேலும் கிடத்தினால்தான் நீளவாக்கில் அறுக்க வசதி, மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம். இரண்டாவதன் கால்களுக்குக் கோடு இழுக்கும்போது முதல் பெஞ்சையும் பக்கத்தில் நிறுத்தி அதன் உயரத்துக்கே குறித்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளில் வரைந்த படத்தைச் சுருட்டி வைத்திருங்கள். அப்போது வேண்டியிருக்கும்.